திருத்தந்தையின் கருத்தடை ஆணையம், 1963–1968: தம்பதியரின் கடிதங்கள் உரோமைக்குச் சென்ற நிகழ்வு

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்ட காரணம்

எங்கள் மறைமாவட்டத்தில் திருமணம் செய்துகொள்ளவிருக்கும் கத்தோலிக்க இளைஞர்கள் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். பொதுநிலையினர் என்ற முறையில் நானும் என் மனைவியும் அந்த வகுப்புகளில் பல ஆண்டுகளாக உதவி வருகிறோம். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்பார்: "கல்யாணமே ஆகாத ஃபாதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" அது நியாயமான கேள்வி என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். மணமாகாதவர் மணவாழ்வின் அந்தரங்கத்தைப் பற்றி அறிவுரை சொல்லத் தகுதியற்றவர் என்பது எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடிய வாதம். இப்போது அப்படி நினைப்பதில்லை. சமயத் தலைவர் ஒருவர் பாலியல் ஒழுக்கத்தில் நம்பத்தக்க வழிகாட்டியா என்பது அவர் மணமானவரா என்பதைப் பொறுத்ததன்று என்ற முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது, 1963 முதல் 1968 வரை உரோமையில் நடந்த ஒரு நிகழ்வு. அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன்.

திருத்தந்தையரைத் தவிர வேறு எவரையும் பெயரால் குறிப்பிடவில்லை. ஆணையத்தில் இருந்தவர்கள் வரலாற்றில் அறியப்பட்டவர்கள்தான் என்றாலும், இந்த ஆய்வின் நோக்கத்துக்கு அவர்கள் எந்த இடத்திலிருந்து பேசினார்கள் என்பதே முக்கியம். ஆகவே அவரவர் பணியைக் கொண்டே அவர்களைக் குறிக்கிறேன்.

பின்னணி: 1930 முதல் 1963 வரை

1930 வரை பெரிய கிறிஸ்தவச் சபைகள் எல்லாமே செயற்கைக் கருத்தடையை மறுத்துவந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் இலண்டனில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் மாநாடு, ஒழுக்கத்துக்கு ஏற்ற காரணம் இருக்குமானால் மணமானவர்கள் அதைப் பயன்படுத்தலாம் என்று வரையறைகளுடன் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் (திருச்சபைக்குத் திருத்தந்தை எழுதும் போதனைக் கடிதம்), உறவின்போது கருவுறுதலைத் திட்டமிட்டுத் தடுப்பது இயற்கைக்கும் கடவுளின் சட்டத்துக்கும் எதிரான பாவம் என்று உறுதியாக அறிவித்தது. 1951 அக்டோபரில் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசிய 12ஆம் பயஸ், தக்க காரணமுள்ள தம்பதியர் மாதவிடாய்ச் சுழற்சியில் கருவுற வாய்ப்பில்லாத நாள்களை மட்டும் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வாசலைத் திறந்தார்.

இந்த நாள் கணக்கு முறை எப்படிச் செயல்பட்டது என்பது தெரியாமல் பின்னால் வரும் கடிதங்களைப் புரிந்துகொள்ள முடியாது. பெண் தன் சுழற்சிகளின் நீளத்தை மாதக்கணக்கில் குறித்து வைப்பாள். மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18 நாள்களையும் மிக நீண்ட சுழற்சியிலிருந்து 11 நாள்களையும் கழித்தால் கிடைக்கும் இரு எண்களுக்கும் இடைப்பட்ட நாள்களில் கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும். சுழற்சி 26 முதல் 31 நாள் வரை மாறும் ஒரு பெண்ணுக்கு 8ஆம் நாளிலிருந்து 20ஆம் நாள் வரை விலகல். மாதவிடாய் நாள்களையும் சேர்த்தால் மாதத்தில் மிஞ்சுவது சொற்பமே. குழந்தைப்பேற்றுக்குப் பிறகும், பாலூட்டும் காலத்திலும், நாற்பது வயதைக் கடந்தபோதும் சுழற்சி ஒழுங்கு தவறும். குடும்பத்துக்கு அந்தக் கணக்கு மிகத் தேவைப்படும் காலங்களும் அவையே. இதற்கு மாற்றாகப் பின்னர் வந்த உடல் வெப்பநிலை முறையில், தினமும் காலையில் படுக்கையை விட்டு எழுமுன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, வெப்பம் சற்றே உயர்ந்து நிலைத்த பிறகே உறவு என்று காத்திருக்க வேண்டும்.

1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கத்தோலிக்க மருத்துவர். மாத்திரை உறவின் இயல்பை மாற்றவில்லை, கருமுட்டை வெளிப்படுவதை மட்டுமே நிறுத்துகிறது. ஆகவே அது பழைய தடைக்குள் அடங்குமா என்ற கேள்வி இறையியலாளரிடையே எழுந்தது. மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிய கவலையும் அக்காலத்தில் உலகெங்கும் இருந்தது. இந்தியா 1952லேயே அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

ஆணையம் அமைந்த விதம்

1963 மார்ச்சில் திருத்தந்தை 23ஆம் யோவான் மக்கள்தொகை, குடும்பம், பிறப்பு ஆகியவை பற்றி ஆராய ஆறு பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தார். ஆறு பேரும் ஆண்கள். போதனையை மாற்றுவது அவர்களுக்கு இடப்பட்ட பணியன்று. மக்கள்தொகை குறித்துப் பன்னாட்டு அரங்குகளில் திருச்சபை என்ன பேசுவது என்று ஆயத்தப்படுத்துவதே நோக்கம். அவர்கள் கூடுமுன்பே, ஜூன் 3 அன்று, திருத்தந்தை காலமானார். அவருக்குப் பின் வந்த 6ஆம் பவுல் ஆணையத்தைத் தொடர விட்டார். அதன் உறுப்பினரையும் பணியையும் படிப்படியாக விரிவாக்கவும் செய்தார். இப்படி ஒரு குழு இருக்கிறது என்பதே 1964 ஜூனில் அவர் அறிவித்த பிறகுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது.

அதே காலத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தது. உலகின் ஆயர்கள் அனைவரும் கூடியிருந்தபோதும் கருத்தடை பற்றிய முடிவைத் திருத்தந்தை தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். 1964 அக்டோபரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கர்தினால் ஒருவர் சங்க அரங்கில் எழுந்து, அறிவியலாளர் கலிலேயோவைத் திருச்சபை தண்டித்த விவகாரத்தைப் போல இன்னொன்று வேண்டாம், திருச்சபைக்கு ஒன்றே போதும் என்று மன்றாடினார். அவர் பேச்சுக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது; ஆயினும் விவாதம் ஆணையத்தின் மூடிய கதவுகளுக்குள்ளேயே இருந்தது.

1966க்குள் ஆணையம் 72 பேராக வளர்ந்திருந்தது. இறையியலாளர், மக்கள்தொகை அறிஞர், மருத்துவர் 13 பேர், முடிவு சொல்லும் உரிமையுடன் ஆயர்கள் 16 பேர். அந்த ஆயர்களில் பம்பாய்ப் பேராயராக இருந்த கர்தினாலும் ஒருவர். பெண்கள் ஐந்தே பேர். 1965 வசந்தகால அமர்விலிருந்து மூன்று தம்பதியர் இதில் பங்கேற்றனர்: அமெரிக்கா, கனடா, பிரான்சு நாடுகளிலிருந்து ஒவ்வொரு தம்பதி. அமெரிக்கத் தம்பதி சிகாகோவில் கத்தோலிக்கக் குடும்ப இயக்கம் ஒன்றை வழிநடத்தியவர்கள். மணவாழ்வு பற்றிச் சான்று சொல்ல உரோமைக்கு அழைக்கப்பட்ட அந்தக் கணவனுக்குக் கூட்டம் நடந்த கல்லூரியில் தங்குமிடம் கிடைத்தது. மனைவியைத் துறவு மடம் ஒன்றில் தங்க வைத்தார்கள். இதைச் சிறு ஏற்பாட்டுப் பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அழைத்தவர்கள் கணவனையும் மனைவியையும் எப்படிப் பார்க்கப் பழகியிருந்தார்கள் என்பது அந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

கடிதங்களில் கண்டவை

சிகாகோத் தம்பதி உரோமைக்கு வந்தபோது போதனையை எதிர்த்தவர்கள் அல்லர். தங்கள் இயக்கத்தில் இருப்பவர்கள் நாள் கணக்கு முறையோடு மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்றே நம்பியிருந்தார்கள். அதை உறுதிப்படுத்திக்கொள்ள இயக்க உறுப்பினர்களிடம் கேட்டபோதுதான் கடிதங்கள் வந்து குவியத் தொடங்கின. பிறகு ஒரு சமூகவியலாளரின் உதவியோடு முறையான வினாத்தாள் தயாரித்து, 18 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 3,000 தம்பதியரின் பதில்களைத் திரட்டி 1966 அமர்வில் வைத்தார்கள்.

எழுதியவர்கள் திருச்சபையை விட்டுப் போனவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர்கள், ஆறு ஏழு பிள்ளைகள் பெற்றவர்கள், விதியைக் கடைப்பிடிக்க உண்மையாக முயன்றவர்கள். பிள்ளைகளிடையே இடைவெளி விட அந்த முறை ஓரளவு உதவியது என்று பலர் ஒப்புக்கொண்டனர். ஆனால் அது தங்கள் உறவுக்குத் தீங்கு செய்தது என்று சொன்னவர்களே பெரும்பான்மை. உடலும் உள்ளமும் இணையும் இயல்பான அன்பு நாள்காட்டிக்குக் கட்டுப்பட்ட கடமையாகிவிட்டது என்று எழுதினார்கள். காத்திருக்கும் நாள்களெல்லாம் அதையே எண்ணிக்கொண்டிருப்பதாகவும், பாலுறவை அதன் இடத்தில் வைக்கச் சொன்ன விதியே அதை மாதம் முழுவதும் மனத்தை ஆளும் பொருளாக்கிவிட்டதாகவும் ஒரு கணவர் எழுதியிருந்தார். பெண்கள் எழுதியவை இன்னும் கூர்மையானவை: தங்களுக்கு விருப்பம் மிகும் நாள்களே கருமுட்டை வெளிப்படும் நாள்கள் என்பதால், மனம் வரும்போது விலகியும் மனம் வராதபோது இணங்கியும் வாழ வேண்டியிருக்கிறது என்றார்கள். 'இயற்கை முறை' என்ற பெயரை அவர்கள் ஏற்காததற்கு அதுவே காரணம்.

கனடாவிலிருந்து வந்த தாய் ஆணையத்தின் முன் நேரில் பேசினார். தன் பேறுகளையும் கருச்சிதைவுகளையும் மறைக்காமல் சொல்லி, மணவாழ்வில் உடலுறவு கணவனுக்கும் மனைவிக்கும் என்னவாக இருக்கிறது என்பதை அங்கிருந்தவர்களுக்கு விளக்கினார். அந்த அறையில் அப்படி ஒரு பேச்சு அதற்குமுன் ஒலித்ததில்லை.

இந்தத் தரவுக்கு எல்லை உண்டு. ஓர் இயக்கத்தின் உறுப்பினர்களிடம் மட்டுமே கேட்கப்பட்டதால் இதை உலகக் கத்தோலிக்கர் அனைவரின் குரலாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்த இயக்கத்தவர் திருச்சபையின் சொல்லுக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் கட்டுப்பட்டவர்கள். அவர்களே இப்படி எழுதினார்கள் என்பதால், தரவில் சாய்வு இருந்திருந்தால் அது போதனைக்குச் சாதகமான பக்கமாகத்தான் இருந்திருக்கும்.

கேட்டவர்களிடம் நிகழ்ந்த மாற்றம்

பின்வரிசைக் கேள்வியைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது இந்தப் பகுதிதான். உரோமையின் பெருமைமிக்க சமயப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறநெறி இறையியல் கற்பித்த இயேசு சபைத் துறவி ஒருவர் ஆணையத்தில் இருந்தார். கருத்தடைக்கு எதிரான போதனையைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவர், அதற்குப் பாடநூல் எழுதியவர். தம்பதியரின் சான்றுகளைக் கேட்ட பிறகு அவர் தம் நிலையை மாற்றிக்கொண்டார். தம் நூலை இனி அச்சிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வெப்பநிலை முறையை ஆராய்ந்து தம்பதியருக்குக் கற்றுக்கொடுத்துவந்த பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவரும் மாற்றத்தை ஆதரித்தவர்களுடன் சேர்ந்தார். 1966 ஏப்ரலில் இறையியலாளரிடையே நடந்த வாக்கெடுப்பில் 15 பேர் கருத்தடை தன்னளவிலேயே தீயது அன்று என்றும் 4 பேர் தீயது என்றும் வாக்களித்தனர். ஜூன் பிற்பகுதியில் ஆயர்களிடம் அதே கேள்வி வைக்கப்பட்டபோது, வந்திருந்த 15 பேரில் 9 பேர் தீயது அன்று என்றனர். 3 பேர் தீயது என்றனர். 3 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை.

ஆயர்கள் அனைவரும் மணத்துறவிகள். இறையியலாளரில் பெரும்பாலோரும் அப்படியே. அறியாமை அவர்களுக்குத் தடையாக இருந்தது உண்மை. ஆனால் அது கேட்டால் தீரக்கூடிய அறியாமை. தம்பதியர் பேசினார்கள், துறவிகள் கேட்டார்கள், பலரின் மனம் மாறியது. அந்த ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் பாலியல் ஒழுக்கத்தில் நம்பத்தக்கவர்களாக நடந்துகொண்டார்கள் என்றே நான் மதிப்பிடுகிறேன்.

மாறாத நால்வரின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உறவிலிருந்து பிறப்பிக்கும் ஆற்றலைப் பிரித்துவிடலாம் என்று ஏற்றுக்கொண்டால், பிறகு எந்தப் பாலியல் செயலை எந்த அடிப்படையில் தவறென்று சொல்வது என்று அவர்கள் கேட்டார்கள். அது வலுவான கேள்வி. பெரும்பான்மையினர் அதற்கு அளித்த பதில் முழுமையானது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த நால்வர் தரப்பு தயாரித்த ஆவணத்தின் எடை அந்தக் கேள்வியில் இல்லை. பகுத்தறிவை மட்டும் கொண்டு இந்தத் தடையைத் தெளிவாக நிறுவ முடிந்திருந்தால் ஆணையமே தேவைப்பட்டிருக்காது என்று அவர்களே அதில் ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்து வருவதுதான் உண்மையான அச்சம்: போதனையை மாற்றினால், 1930இலும் 1951இலும் 1958இலும் தூய ஆவியார் சீர்திருத்தச் சபைகளின் பக்கம் இருந்தார் என்றும், தலைமுறை தலைமுறையாக எளிய மக்களை நம் திருத்தந்தையர் தவறாகக் கண்டித்துவிட்டார்கள் என்றும் ஒப்புக்கொள்ள நேரிடும்.

இதே அச்சம் அமர்வு ஒன்றில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. இந்த நெறி செல்லாது என்றால், அதை மீறியதற்காக நாம் நரகத்துக்கு அனுப்பிய இலட்சக்கணக்கானோரின் கதி என்ன என்று ஸ்பானிய இறையியலாளர் ஒருவர் கேட்டார். சிகாகோவிலிருந்து வந்த மனைவி எழுந்து, நீங்கள் இட்ட கட்டளைகளையெல்லாம் கடவுள் நிறைவேற்றிவிட்டார் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா என்று அந்த அருள்பணியாளரிடம் திருப்பிக் கேட்டார். ஆணையத்தின் நடவடிக்கைகள் அனைத்திலும் இந்த ஒரு பரிமாற்றத்துக்கே நான் அடிக்கடி திரும்புகிறேன். இறையியலாளரின் கேள்வியில் அந்த இலட்சக்கணக்கானோரின் துன்பம் பற்றிய கவலை இல்லை. அவர்களுக்குத் தீர்ப்பிட்டவர்களின் நற்பெயருக்கு என்ன ஆகும் என்பதே அதில் இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவும் அதற்குச் சொல்லப்பட்ட காரணமும்

1966 ஜூன் 28 அன்று ஆணையத்தின் அறிக்கை திருத்தந்தையிடம் சேர்ந்தது. சிறுபான்மையினரின் ஆவணமும் தனியாக அவர் கைக்குப் போயிற்று. அக்டோபரில் அவர், ஆணையத்தின் முடிவுகளை இறுதியானவையாகக் கொள்ள முடியாது, இன்னும் ஆராய வேண்டும் என்று அறிவித்தார். ஆணையம் மறுபடி கூட்டப்படவில்லை. 1967 ஏப்ரலில் இரு ஆவணங்களும் கசிந்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கத்தோலிக்க இதழ்களில் அச்சாயின. ஆயர்களே மாற்றத்தை ஆதரித்தார்கள் என்ற செய்தி பரவியது. பல நாடுகளில் பங்குத்தந்தையர் ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவ அறிக்கையில்) தம்பதியரின் மனச்சான்றுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினர். மௌனம் நீண்டதால், மாற்றம் வந்துவிட்டது என்றே நிறையப் பேர் வாழத் தொடங்கிவிட்டார்கள்.

1968 ஜூலை 25 அன்று கையொப்பமிடப்பட்டு 29 அன்று வெளியான 'ஹுமானே வித்தே' சுற்றுமடல் பழைய போதனையை அப்படியே உறுதி செய்தது. மணவுறவு ஒவ்வொன்றும் உயிரை வரவேற்கும் நிலையில் திறந்திருக்க வேண்டும் என்றது. நாள் கணக்கு முறைக்கும் நோய் தீர்க்கும் சிகிச்சைக்கும் மட்டுமே விலக்கு. ஆணையத்தின் கருத்தை ஏன் ஏற்கவில்லை என்பதற்குத் திருத்தந்தை இரண்டு காரணங்கள் கூறினார்: ஆணையத்துக்குள் முழு உடன்பாடு இல்லை, திருச்சபை மாறாமல் கற்பித்துவந்த நெறியிலிருந்து விலகும் அணுகுமுறைகள் அங்கே முன்வைக்கப்பட்டன. இரண்டாவது காரணத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. போதனை சரியா என்று ஆராய அமைத்த குழுவின் பதிலை, அது போதனையிலிருந்து விலகுகிறது என்பதற்காகவே தள்ளுவதானால், அந்த 3,000 தம்பதியரின் பதில்களும் எந்தக் கேள்விக்காகக் கேட்கப்பட்டன?

6ஆம் பவுல் இதை எளிதாக முடிவு செய்தவர் அல்லர். இதை எழுதும்போது தாங்கிய சுமையை அவரே பேசியிருக்கிறார். பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்று சுற்றுமடலிலேயே முன்கூட்டிச் சொன்னார். பெரும்பான்மை வாக்கு ஒழுக்க உண்மையைத் தீர்மானிப்பதில்லை என்பதும் சரியே. மேலும் அவர் விடுத்த எச்சரிக்கைகளில் ஒன்று நம் நாட்டிலேயே பலித்தது. கருத்தடையை ஏற்றுக்கொண்டால் அரசுகள் அதை மக்கள்மேல் திணிக்கும் என்று எழுதியிருந்தார். எட்டே ஆண்டுகளில், நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் இந்தியாவில் 80 இலட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை, கட்டாயப்படுத்திச் செய்யப்பட்டவை ஏராளம். கேட்க மறுத்த ஒருவர் எல்லாவற்றிலும் தவறியவராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய எச்சரிக்கையை மறந்துவிட்டு இந்த நிகழ்வை எழுதினால் அது நேர்மையாகாது.

பின்விளைவுகள்

சுற்றுமடலை வெளியிட்ட செய்தியாளர் சந்திப்பிலேயே, இது தவறா வரத்துடன் கூடிய, அதாவது பிழையே நேர முடியாததாகக் கொள்ளப்படும், அறிவிப்பு அன்று என்று வத்திக்கான் பேச்சாளர் கூறினார். மறுநாள் வாஷிங்டனில் 87 இறையியலாளர், தம்பதியர் தம் மனச்சான்றின்படி மாறுபட்டு முடிவெடுக்கலாம் என்று கையொப்பமிட்ட அறிக்கையை வெளியிட்டனர். ஆகஸ்ட் 30 அன்று பெல்ஜிய ஆயர்களும் ஜெர்மானிய ஆயர்களும், செப்டம்பர் 27 அன்று கனடா ஆயர்களும் மனச்சான்றுக்கு இடமளிக்கும் விளக்கங்களைத் தந்தனர். வாஷிங்டன் பேராயர் தம்மோடு மாறுபட்ட அருள்பணியாளர்களைத் தண்டித்தார். அந்தப் பிணக்கு 1971இல் உரோமையின் தலையீட்டில்தான் தணிந்தது.

தம்பதியர் என்ன செய்தார்கள் என்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. திருச்சபை ஏற்காத முறைகளைப் பயன்படுத்திய கத்தோலிக்க மனைவியர் 1955இல் 30 விழுக்காடு, 1965இல் 51, சுற்றுமடலுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1970இல் 68. வாரந்தோறும் திருப்பலிக்குச் சென்றவர்கள் 1963இல் 71 விழுக்காடாக இருந்து 1974இல் 50 ஆகக் குறைந்தனர். சிகாகோவைச் சேர்ந்த சமூகவியலாளரான அருள்பணியாளர் ஒருவர் அந்தச் சரிவுக்கு இந்தச் சுற்றுமடலே முதன்மைக் காரணம் என்று வாதிட்டார். வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் மக்கள் இந்தத் துறையில் ஆயர்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதில் ஐயமில்லை. எதிர்த்துப் பேசியவர்களைவிட, பேசாமலே தாங்களாக முடிவெடுத்துக்கொண்டு ஒப்புரவில் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டவர்கள் பன்மடங்கு அதிகம்.

6ஆம் பவுல் அதன்பின் 1978இல் இறக்கும்வரை, பத்து ஆண்டுகளில், இன்னொரு சுற்றுமடல் எழுதவில்லை.

இந்த நம்பிக்கை இழப்புக்கு மேல் இன்னொன்று வந்து சேர்ந்தது. 2004இல் அமெரிக்க ஆயர்களே கேட்டு நடத்திய ஆய்வின்படி, 1950 முதல் 2002 வரை 4,392 அருள்பணியாளர்மேல் சிறாரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாகக் குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தன. இது வேறு பொருள் என்று ஒதுக்கிவிட நினைத்தேன், முடியவில்லை. மனைவியிடமிருந்து மாதத்தில் பாதி நாள் விலகியிருக்க முடியவில்லை என்று எழுதிய கணவரின் கடிதம் உரோமைக்குச் சென்ற அதே ஆண்டுகளில்தான், குற்றம் சாட்டப்பட்ட அருள்பணியாளர்கள் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு அமைதியாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கும் தடுத்தது பாலியல் பற்றிய அறியாமை அன்று. தவறை ஒப்புக்கொண்டால் பதவியின் மதிப்பு போய்விடும் என்ற அச்சமே இரு இடங்களிலும் காணப்படுகிறது; ஓரிடத்தில் அதன் விலையைத் தம்பதியர் கொடுத்தார்கள், இன்னோரிடத்தில் குழந்தைகள்.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

ஆணையம் முதல் நாளிலிருந்தே மணமானவர்களை, குறிப்பாகப் பெண்களை, உள்ளே வைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஆண்களே பேசிய பிறகுதான் தம்பதியர் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வந்ததும் உரையாடலின் திசையே மாறியதைப் பார்த்தால் இழந்த காலத்தின் அளவு புரியும். கடிதங்கள் ஏழை நாடுகளிலிருந்தும் இயக்கங்களுக்கு வெளியிலிருந்தும் திரட்டப்பட்டிருக்க வேண்டும். நாள் கணக்கு முறையில் நிறைவு கண்டவர்களையும் தேடிச் சென்று கேட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உண்டு, எங்கள் வகுப்பில் பேச வரும் தம்பதி ஒன்று அவர்களில் அடங்கும்.

எல்லாவற்றிலும் முதன்மையாக, இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். இந்தச் செயல் தவறா என்பது ஒன்று. தவறன்று என்றால் நம் பழைய சொல் என்னாவது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியும் பொறுப்புள்ள தலைமை எதிர்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முதல் கேள்விக்கான பதிலை அது தீர்மானிக்க விட்டது ஆணையத்தின் உழைப்பை வீணாக்கியது. ஒரு மருத்துவர் தாம் முன்பு எழுதிய மருந்துச் சீட்டைக் காப்பாற்றுவதற்காக நோயாளிக்கு அதே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் அவரை நாம் நம்பமாட்டோம். அவர் அந்த நோயால் பாதிக்கப்பட்டவரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வகுப்பில் இந்த ஆய்வுக்குப் பிறகு வரிசையை மாற்றினோம். முன்பு பங்குத்தந்தை தொடங்கி, செவிலியர் முடித்துவைப்பார். இப்போது செவிலியர் முதலில் உடலைப் பற்றியும் எல்லா முறைகளைப் பற்றியும் சொல்கிறார். அடுத்து வெவ்வேறு வழிகளைத் தேர்ந்துகொண்ட இரண்டு தம்பதியர் பேசுகிறார்கள். அவர்கள் பேசும்போது பங்குத்தந்தை முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். கடைசியில் எழுந்து திருச்சபையின் போதனையையும் அதன் காரணங்களையும், தமக்கு விடை தெரியாத இடங்களையும் சொல்கிறார். பின்வரிசைக் கேள்வி இன்னும் வருகிறது. தெரியாது, அதனால்தான் இவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன் என்று அவர் சொல்லும்போது அறையில் நிலவும் கவனம் முன்பு இருந்ததில்லை.

1966ஆம் ஆண்டின் இரு ஆவணங்களின் சுருக்கத்தையும் சுற்றுமடலுடன் சேர்த்துக் கையேட்டில் அச்சிட வேண்டும் என்று நானும் என் மனைவியும் கேட்டிருக்கிறோம். மணமுடிக்கப் போகிறவர்களைக் குழப்பிவிடும் என்று அருள்பணிப் பேரவையில் சிலர் தயங்குகிறார்கள். அந்த வேண்டுகோள் இன்னும் முடிவாகவில்லை.